முப்பதுக்குக் கீழே

ஆகஸ்ட் 5, திங்கள்

டாக்டர் காந்திமதிநாதன் கேட்டுக்கொண்டபடி இந்த நோட்டைத் தொடங்குகிறேன். காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, இரவு எட்டு மணிக்கு ஒரு மாத்திரை. விழுங்கியவுடன் நேரத்தைக் குறிக்க வேண்டும். காய்ச்சல் இருந்தால் அதையும். அவருக்கு வயது முப்பத்தெட்டு, எனக்கு எழுபத்தெட்டு. இடையில் உள்ள நாற்பதும் மறதியால் ஆனவை என்பது அவர் எண்ணம்.

நிலவரம் இதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் இடது முழங்காலில் உலோக மூட்டு வைத்தார்கள். இந்தப் பிப்ரவரியில் அது வீங்கியது. ஊசியால் நீர் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். சாதாரணக் கட்டிகளை உண்டாக்கும் கிருமிதான். பென்சிலின் குடும்பத்து மருந்து ஒன்றுக்குக் கட்டுப்படும் என்று அறிக்கை வந்தது. ஆறு வாரம் மாத்திரை. வீக்கம் வடிந்தது. மாத்திரையை நிறுத்திய பன்னிரண்டாம் நாள் மீண்டும் வீங்கியது. மீண்டும் ஊசி, அதே கிருமி, அதே அறிக்கை, அதே ஆறு வாரம். இப்போது மூன்றாவது முறை.

"மருந்துக்குக் கட்டுப்படுற கிருமி, மருந்து போட்டும் போகலேன்னா, மருந்து உள்ளே போகலேன்னுதானே மேடம் அர்த்தம்?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னுடன் வந்த சமையல்காரி செல்லக்கனியைப் பார்த்துக் கேட்டார்.

இம்முறையும் திரும்பினால் உலோகத்தை வெளியே எடுக்க நேரலாம். கிருமி எலும்புக்குள் இறங்கிவிட்டால் முழங்காலுக்கு மேல் காலையே எடுக்க நேரலாம். விழுங்காத மாத்திரைகளுக்காக எழுபத்தெட்டு வயதுக்காரியின் எலும்பைத் திறக்க அவருக்கு விருப்பமில்லை. நியாயம்தான். நான் விழுங்கினேன் என்பது மட்டுமே அதில் உள்ள குறை.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நுண்ணுயிரியல் கற்பித்தவள் நான். மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று சில ஆயிரம் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

காலை 8.00. இரவு 8.00.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலை 8.00. இரவு 8.00. காய்ச்சல் 100.2.

ஆகஸ்ட் 9, வெள்ளி

என் வீட்டில் பதினோரு ஆண்டுகளாகச் சமைக்கும் செல்லக்கனி, இன்று காலை மாத்திரை அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்றதற்கு, எறும்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னாள். காகிதம் ஒட்டிய அட்டைக்குள் எறும்பு எப்படி ஏறும் என்று கேட்டேன். பிறகு உண்மை வந்தது. மருத்துவர் அவளைத் தனியே அழைத்துக் கண்காணிக்கச் சொல்லியிருக்கிறார்.

"நான் என்ன செய்யட்டும்மா? டாக்டர் சொல்லுதாக. வயசானவுக வாயில போட்ட மாதிரி போட்டுட்டு, பாத்ரூம்ல போய்த் துப்பிருவாகளாம்ல."

ஒரு பேராசிரியைக்கு இதைவிட நல்ல ஓய்வூதியம் இருக்க முடியாது.

கட்டிலுக்கு அடியில் உள்ள டிரங்குப் பெட்டியில் கரையான் வாசம் அடிக்கிறது, வெயிலில் காய வைக்கலாமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். பழைய துணிகள்தான்.

ஆகஸ்ட் 14, புதன்

காலை 8.00. இரவு 8.00. காய்ச்சல் இல்லை.

செய்யாத தவற்றுக்காகச் சந்தேகிக்கப்படுவதில் ஒரு தனிக் கொடுமை உண்டு. எதிர்த்துப் பேசினால் சந்தேகம் கூடுகிறது. பேசாமல் இருந்தால் உறுதியாகிறது. நான் மாத்திரையை விழுங்கும்போது செல்லக்கனி அடுப்படி வாசலில் நின்று என் தொண்டையைப் பார்க்கிறாள்.

எண்பதுகளின் இறுதியில் என்னிடம் ஆராய்ச்சி செய்த ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள். இதே போன்ற ஒரு முடிவைக் கொண்டுவந்தாள்: மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிகளில் சில, மருந்தில் மூழ்கிக் கிடந்தும் சாகவில்லை என்று. வெளியிலிருந்து விழுந்த அசுத்தம் என்று நான் சொன்னேன். பிறகு அவளாகவே விலகிக்கொண்டாள். பெயர் நினைவில்லை. அவளுடைய குறிப்பேடும் எங்கோ போய்விட்டது.

ஆகஸ்ட் 15, வியாழன்

உலகம்மாள். கடையத்துப் பெண். பெயர் நினைவில்லை என்று நேற்று எழுதியது பொய். நினைவு குறையவில்லை என்று மெய்ப்பிப்பதற்காகத் தொடங்கிய நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன். மருத்துவருக்குக் காட்ட மாத்திரைக் கணக்கை மட்டும் வேறு தாளில் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

காலை 8.00. இரவு 8.00.

ஆகஸ்ட் 28, புதன்

வீக்கம் வடிந்துவிட்டது. கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடந்தேன். செல்லக்கனி, தான் எண்ணியதால் வந்த பலன் என்று நினைக்கிறாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

உலகம்மாளைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். இனி பாதியில் நிறுத்தினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. கிருமிகளைத் தட்டில் பரப்பி வெப்பப் பெட்டியில் வைத்தால், பிழைத்த ஒவ்வொரு கிருமியும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகும்; அதைக் காலனி என்போம். முப்பது முதல் முந்நூறு புள்ளிகள் வரை இருந்தால்தான் அந்தத் தட்டை எண்ணலாம். முந்நூறுக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். முப்பதுக்குக் கீழ் வருவதைத் தற்செயல் என்று ஒதுக்க வேண்டும். இந்த விதி நல்ல விதி. உலகமெங்கும் உள்ள விதி. என் ஆய்வகத்தில் மட்டும் அதற்கு ஒரு பின்னொட்டு இருந்தது: முப்பதுக்குக் கீழ் வந்தால் எண்ணை எழுதாதே, 'இல்லை' என்று எழுது. குறிப்பேடு சுத்தமாக இருக்கும் என்பதற்காக நான் சேர்த்தது அது.

உலகம்மாள் எண்ணினாள். ஏழு, பதினொன்று, ஒன்பது என்று எழுதிவந்தாள். கோடிக்கணக்கில் இருந்தவற்றில் ஒன்பது. அவற்றை எடுத்துத் தனியே வளர்த்து மீண்டும் மருந்தை ஊற்றினால், அவற்றின் சந்ததியும் கோடிக்கணக்கில் செத்து, மீண்டும் ஒரு கைப்பிடி மிஞ்சியது.

என் வாதம் இப்படி இருந்தது. மருந்தை வென்று பிழைத்தவை என்றால் அவற்றின் பிள்ளைகளும் மருந்தை வெல்ல வேண்டும். வெல்லவில்லை. ஆகவே அவை மருந்தைச் சந்திக்கவே இல்லை. ஆகவே அவை குடுவையிலிருந்து வந்தவை அல்ல. வெளியிலிருந்து தட்டில் விழுந்தவை. அழகான வாதம். இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற எனக்குத் தோன்றவில்லை. அது தவறு என்பது ஒன்றுதான் குறை.

வேலை செய்துகொண்டிருக்கும் கிருமியைத்தான் மருந்து கொல்லும். கிருமி தன் சுவரைக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தச் சுவரை உடைக்க முடியும். எப்போதும் ஒரு சில கிருமிகள் எதையும் கட்டாமல், எதையும் உண்ணாமல் முடங்கிக் கிடக்கின்றன. மருந்து அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. மருந்து வற்றிய பின் அவை விழித்துப் பெருகுகின்றன. அவை மருந்தை வென்றவை அல்ல. மருந்து இருந்த நேரத்தில் அசையாமல் இருந்தவை. நாற்பதுகளிலேயே ஓர் ஆங்கில மருத்துவ இதழில் இதை எழுதியிருக்கிறார்கள். நான் படித்திருக்கவில்லை.

கிருமிகளை வைத்து உவமை செய்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஆகவே இங்கே நிறுத்துகிறேன்.

செப்டம்பர் 16, திங்கள்

எண்பத்து நான்கு மாத்திரைகள் முடிந்தன. எண்பத்து நான்கு நேரக் குறிப்புகள்.

செப்டம்பர் 26, வியாழன்

காலையில் எழுந்தபோது முழங்கால் பனங்காய் அளவு இருந்தது. 101.4.

செப்டம்பர் 27, வெள்ளி

மருத்துவமனை. என் தாளை டாக்டர் வரிவரியாகப் பார்த்தார். பிறகு செல்லக்கனியிடம், "கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாத்தேன் சார்," என்றாள் அவள். அப்படி ஒரு நாளும் அவள் செய்ததில்லை. என் மானத்தைக் காப்பாற்ற என் மானத்தைத் தியாகம் செய்தாள். பாராட்டத்தான் வேண்டும்.

அவருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. குடல் மருந்தை ஈர்க்கவில்லையோ, நரம்பு வழியாக ஆறு வாரம் ஏற்றிப் பார்க்கலாமோ என்கிறார். அது போதாது, உலோகத்தை எடுக்க வேண்டும் என்றேன். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மரியாதையுடன் கேட்டார். படித்திருக்கிறேன் என்றேன். ஆறு வாரம் வீணானால் எலும்பு போகும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் திறந்த பின் அது தேவையில்லாமல் போனால், கத்தியைப் பிடித்தவர் அவர்.

ஊசியால் நீர் எடுத்தார்கள். வழக்கமாக மூன்று நாளில் அறிக்கை வரும்.

அக்டோபர் 4, வெள்ளி

ஏழு நாள் கழித்து அறிக்கை வந்தது. அதே கிருமி. கட்டுப்படும். அச்சிட்ட வரிகளுக்குக் கீழே நீல மையில் கையால் இரண்டு வரி:

'இந்தக் கிருமியை மருந்தில் ஒரு நாள் முழுக்க வைத்துத் தட்டில் பரப்பியதில் 9 காலனிகள். மறுவளர்ப்பில் அவையும் மருந்துக்குக் கட்டுப்படுகின்றன.'

மருத்துவர் இதைக் கேட்டிருக்கவில்லை. எந்த ஆய்வுக்கூடமும் கேட்காமல் இதைச் செய்யாது. செய்தாலும் ஒன்பது என்று எழுதாது.

அந்த ஒன்பதின் வால் இடப்பக்கமாக வளைந்து மேலே ஏறுகிறது. முப்பத்தாறு ஆண்டுகளாக நான் அதைப் பார்க்கவில்லை என்று எழுத வந்தேன்; அதுவும் பொய்யாகியிருக்கும்.

அக்டோபர் 5, சனி

டாக்டர் தொலைபேசியில் அழைத்தார். ஆய்வுக்கூட உரிமையாளருக்கும் அவருக்கும் பேச்சு நடந்திருக்கிறது. எழுதியவர் முப்பது ஆண்டுகளாக அங்கே வேலை பார்க்கும் டெக்னீஷியன் ஒருவர். கேட்காத சோதனையைச் செய்ததற்கும் அறிக்கையில் கிறுக்கியதற்கும் உரிமையாளர் கோபமாக இருக்கிறார். வயதாகிவிட்டது, கை பட்டு அசுத்தமாகியிருக்கும், வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பேர் உலகம்மாள் என்றார் டாக்டர், எனக்குச் செய்தி சொல்வது போல.

"நீங்க இந்தத் துறை மேடம். ஒரு வார்த்தை சொல்லுங்க. இது நிசமா, இல்ல கை பட்டதா?"

"இருக்கலாம்," என்றேன். "இதழ்களில் அப்படி எழுதுகிறார்கள்."

"இதழ்ல வர்றது வெளிநாட்டு லேப். நான் கேக்கது, இந்த ஊர்ல, இந்த அம்மா கையில வந்த ஒன்பதை நம்பலாமான்னு. 'இருக்கலாம்'னு சொன்னா நான் எலும்பைத் திறக்க முடியாது மேடம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முப்பத்தாறு ஆண்டுகள் யோசித்தது போதவில்லை என்பது போல.

அக்டோபர் 6, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயில் மணி அடித்தது. முழங்காலைக் காரணம் காட்டிப் போகவில்லை. இனி எழுதுவது நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது.

1988 ஜனவரி. உலகம்மாள் கொண்டுவந்த தட்டுகளைத் துறையின் வாராந்தரக் கூட்டத்தில் வைத்தாள். ஆறு பேர் இருந்தோம். இவை அசுத்தம் என்று நான் சொன்னேன். இல்லை மிஸ், பதினான்கு முறை செய்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் வருகிறது என்றாள். குரலை உயர்த்தவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. உயர்த்தியிருந்தால் அதற்காகக் கண்டித்துவிட்டு முடித்திருப்பேன்.

அவள் தாய் பீடி சுற்றுபவள். சனி ஞாயிறுகளில் ஊருக்குப் போனால் அவளும் தாய்க்குக் கூட உட்கார்ந்து சுற்றுவாள். திங்கட்கிழமைகளில் அவள் விரல்நுனி புகையிலையின் நிறத்தில் இருக்கும். அது எல்லாருக்கும் தெரியும்.

நான் சொன்னேன்: "பீடிக் கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து இன்னொரு முறை செய்."

யாரோ சிரித்தார்கள். யார் என்று எழுதினால் என் பங்கு குறையும், எழுதமாட்டேன். அவள் தன் இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டாள். பிறகு குறிப்பேட்டில் இருந்த எண்களை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதச் சொன்னேன். பதினான்கு வரிகள். என் முன்னிலையில் அடித்தாள்; ஆனால் ஒரே ஒரு மெல்லிய கோடு, கீழே உள்ள எண் தெரியும்படி. ஆய்வகத்தில் எண்ணை அப்படித்தான் அடிக்க வேண்டும் என்று கற்பித்தவளும் நான்தான்.

'கவனிப்புகள் நம்பத்தக்கவை அல்ல' என்று கல்லூரியின் ஆராய்ச்சிக் குழுவுக்கு எழுதினேன். உதவித்தொகை நின்றது. அவள் விலகினாள். 'அவளாகவே' என்று ஆகஸ்டில் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை இப்போது அடிக்கிறேன், ஒரே கோட்டில்.

இன்னும் முடியவில்லை.

அவள் போன பிறகு, பிப்ரவரியில், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் ஆராதனைக்குப் போகாமல் கல்லூரிக்குப் போனேன். யாரும் இல்லாத ஆய்வகத்தில் அவள் செய்தபடியே, படிப்படியாக, முந்தைய நாள் தொடங்கி வைத்த குடுவைகளிலிருந்து தட்டுகளைப் போட்டேன். என் கையை ஸ்பிரிட்டில் கழுவினேன். வெறும் தட்டு ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்தேன். காற்றிலிருந்து விழுவதானால் அதிலும் விழ வேண்டும். வெறும் தட்டில் ஒன்றும் இல்லை. மருந்துத் தட்டில் இருந்தன.

மூன்று முறையும் இருந்தன.

அவள் தவறு என்று குழுவுக்கு எழுதி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரலில் துறைத் தலைவர் பதவி முடிவாக இருந்தது. தட்டுகளைக் கொதிக்கவைத்துக் கழுவினேன். அவள் குறிப்பேட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பழைய துணிகளுக்கு அடியில் இருக்கிறது. கரையான் அரிக்கவில்லை என்று இன்று மதியம் பார்த்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. ஓய்வு பெற்ற பின், இந்தத் தூங்கும் கிருமிகளைப் பற்றி வெளிநாடுகளில் நிறையப் பேசத் தொடங்கிய காலத்தில், மதுரையில் ஒரு கருத்தரங்குக்கு என்னை அழைத்தார்கள். எண்பதுகளிலேயே எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் இதைக் கவனித்திருந்தோம் என்று அங்கே சொன்னேன். 'நாங்கள்.' கைதட்டினார்கள். நான் பொன்னாடையை மறுக்கவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

காலை ஒன்பதுக்கு டாக்டரை அழைத்தேன். அந்தக் கையை நான் சரிபார்த்திருக்கிறேன், 1988இல் அவள் செய்ததை நானே மூன்று முறை செய்து அதே முடிவைக் கண்டேன், கண்டதை மறைத்தேன், அவளுக்கு எதிராக எழுதினேன் என்று வரிசையாகச் சொன்னேன். அப்போதைய குறிப்பேடு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். செல்லக்கனியிடம் ஆட்டோவில் கொடுத்தனுப்பினேன். கூடவே ஒரு கடிதம், ஆய்வுக்கூட உரிமையாளருக்கும் ஒரு படி. அதில் 'இருக்கலாம்' என்ற சொல் எங்கும் இல்லை.

மாலையில் டாக்டர் அழைத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை உலோகத்தை எடுக்கிறார். அதன் இடத்தில் மருந்து கலந்த சிமென்ட் வைத்துச் சில வாரங்கள் காத்திருந்து, பிறகு புது மூட்டு. எலும்பு எப்படி இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். காலுக்கு உத்தரவாதம் தர முடியாது என்றார். உலகம்மாளின் வேலைக்கு ஆபத்தில்லை என்றும் சொன்னார். மாத்திரைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் என்னை நம்பிவிட்டார் போலும். மற்றவற்றில் நம்ப முடியாதவள் என்று தெரிந்த பிறகு.

அக்டோபர் 10, வியாழன்

அறுவைக்கு முன் ரத்தம் எடுக்க ஆய்வுக்கூடத்திலிருந்து ஆள் வரும் என்றார்கள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. செல்லக்கனி கதவைத் திறந்தாள்.

உலகம்மாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. கண்ணாடி. நான் எழுந்திருக்க முயன்றேன். இருங்கள் என்று கையால் காட்டினாள். பெட்டியைத் திறந்து பஞ்சு, குழாய், ஊசி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். வைக்கும் வரிசை நான் கற்பித்தது.

"கையை நீட்டுங்க மிஸ்."

மூன்று நாளாக ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். நன்றாக அமைந்த வாக்கியம். அதைத் தொடங்கினேன்.

"ஊசி போடுதப்ப பேசாதீக மிஸ். நரம்பு நழுவும்," என்றாள்.

மூன்று குழாய் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் என் பெயரை எழுதினாள். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். அவள் விரல்நுனிகளைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். கையுறையைக் கழற்றவில்லை.

வாக்கியம் மறந்துவிட்டது. நீ போன பிறகு நான் செய்து பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்."

"டாக்டர் சொன்னாரா?"

"லாசரஸ் அண்ணாச்சி சொன்னாக. அப்பவே. மிஸ் மூணு ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகல, லேப்ல ஒத்தையில உக்காந்து தட்டு போடுதாகன்னு." லாசரஸ் எங்கள் துறையின் அட்டெண்டர். சாவியை அவரிடம்தான் வாங்கினேன். யாருக்கும் தெரியாது என்று நான் எப்படி நினைத்தேன் என்பது இப்போது எனக்கே விளங்கவில்லை.

தெரிந்தும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் அசிங்கம் புரிந்தது.

"யாருட்ட மிஸ் சொல்ல? அதையும் பீடிக் கை சொல்லுதுன்னு சொல்லிருப்பீக."

செல்லக்கனி காப்பி கொண்டுவந்தாள். சூழ்நிலை தெரியாமல், என்னைப் போல ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் ஆளைப் பார்த்ததில்லை என்று சான்று சொன்னாள். உலகம்மாள் காப்பியை நின்றபடியே குடித்தாள். இந்த அறிக்கையை எனக்காகவா எழுதினாய் என்று கேட்டேன். குழாயில் என் பெயரைப் பார்த்தது உண்மைதான், ஆனால் நான்காம் முறையும் அதே கிருமி அதே பதிலோடு வந்தால் யாருடையதாக இருந்தாலும் எண்ணியிருப்பேன் என்றாள். அதை நான் நம்புகிறேன்.

பெட்டியை மூடியவள் மீண்டும் திறந்தாள். எதையோ தேடுவது போல உள்ளே பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"உங்களுக்கு எத்தனை வந்துச்சு?"

"என்ன?"

"மூணு ஞாயித்துக்கிழமையும். எத்தனை வந்துச்சுன்னு லாசரஸ் அண்ணாச்சிக்குத் தெரியல. முப்பத்தாறு வருசமா அது ஒண்ணுதான் தெரியணும் எனக்கு."

"எட்டு. பன்னிரண்டு. ஒன்பது."

உதடு அசைந்தது; கூட்டி வகுத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"எனக்கும் கிட்டத்தட்ட அந்த வாக்குலதான் வந்துச்சு," என்றாள். அது மகிழ்ச்சியா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கதவருகில் போய்த் திரும்பி, குறிப்பேட்டை டாக்டர் திருப்பித் தந்தால் அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். உன்னுடையது, உனக்குத்தான் என்றேன்.

"எழுத வேண்டியதை எழுதிட்டுக் குடுங்க."

அக்டோபர் 14, திங்கள்

குறிப்பேடு வந்தது. நாளை அறுவை.

அவளுடைய பதினான்காவது வரிக்குக் கீழே மூன்று வரிகள் எழுதினேன். தேதி, மருந்தின் அளவு, எண்ணிக்கை. எட்டு, பன்னிரண்டு, ஒன்பது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு கட்டங்கள் உண்டு: செய்தவர், சரிபார்த்தவர். அவள் பக்கங்களில் எல்லாம் சரிபார்த்தவர் நான். இந்தப் பக்கத்தில் செய்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். மற்றக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

இதை மருத்துவமனைக் கட்டிலில் எழுதுகிறேன். கால் இருக்கிறது. உலோகத்தின் மேல் கொழகொழவென்று ஒரு படலம் போர்த்தியிருந்ததாம். எலும்பின் மேற்பரப்பை மட்டும் சுரண்டினால் போதுமானதாக இருந்தது. இன்னும் ஆறு வாரம் வீணாகியிருந்தால் காலை எடுத்திருப்பேன் என்று டாக்டர் சொன்னார். இம்முறை என்னைப் பார்த்துச் சொன்னார்.

மதியம் உலகம்மாள் வந்தாள். உலோகத்திலிருந்து சுரண்டியதைத் தட்டில் போட்டதில் எண்ண முடியவில்லை, முந்நூறுக்கு எவ்வளவோ மேலே என்றாள். சற்றுப் பெருமையாகச் சொன்னதாகத் தோன்றியது, தொழில் பெருமைதான்.

குறிப்பேட்டைக் கொடுத்தேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் மூன்று வரிகளையும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு கைபேசியை எடுத்து எதையோ தேடினாள். செய்தி ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"தேதி தப்பா இருக்கு மிஸ்," என்றாள். "ரெண்டாவது வரில பதிமூணுன்னு போட்டிருக்கீக. எம்பத்தெட்டு பிப்ரவரில பதிமூணு சனிக்கிழமை. பதினாலுதான் ஞாயிறு."

கைபேசியில் அந்த ஆண்டின் நாட்காட்டியைக் காட்டினாள். சரிதான். பதினான்கு.

பேனாவை என்னிடம் நீட்டினாள். பதிமூன்றை ஒரே கோட்டில், கீழே உள்ளது தெரியும்படி அடித்து, பக்கத்தில் பதினான்கு என்று எழுதினேன். நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு மூன்று வரிகளையும் முதலிலிருந்து இன்னொரு முறை படித்தாள். அடியில் உள்ள இரண்டாவது கட்டத்தில் கையெழுத்திட்டாள். நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆறு மணிக்கு அடுத்த ஊசி என்று நினைவூட்டிவிட்டுப் போனாள்.

மன்னித்தாளா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. சரிபார்த்தாள். அதற்குக் கையெழுத்து இருக்கிறது.

மாலை 6.00. ஊசி போட்டார்கள்.